சுரேந்தர் இல்லாவிட்டால் ஓடாது

பொன்னூத்து பம்ப்ஸ் கம்பெனியில் ஏசி போட்ட அறைகள் இரண்டே இரண்டு. ஒன்றில் முதலாளி லட்சுமணசாமி உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது, அதற்குத் துணையாக சுரேந்தர். முதலாளி அறைக்குள் செருப்போடு போகலாம். கம்ப்யூட்டர் அறைக்குள் அது நடக்காது. துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனியில், ஃபவுண்டரி மேஸ்திரி முதல் ஆடிட்டர் வரை எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக் கதவை ஒற்றை விரலால் தட்டி, "ஏனுங் சார், உள்ள வரலாங்களா?" என்று கேட்டுத்தான் நுழைவார்கள். சுரேந்தர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சற்று நேரம் கழித்து, "வாங்க" என்பான். அந்தச் சற்று நேரம் அவனுக்கு மிகவும் பிடித்த நேரம்.

அவனைக் குறை சொல்லிவிட முடியாது. கெட்டிக்காரன்தான். கம்பெனியின் சம்பளம், சரக்கிருப்பு, டீலர் கணக்கு மூன்றையும் ஃபாக்ஸ்ப்ரோ என்ற கம்ப்யூட்டர் மொழியில் தனி ஆளாக எழுதி ஓட்டிக்கொண்டிருந்தான். மற்ற பம்ப் கம்பெனிக்காரர்கள் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நாளிலேயே இங்கே சம்பளச் சீட்டு பிரிண்டரில் கரகரவென்று வந்து விழுந்தது. அதில் அவனுக்குப் பெருமை இருந்தது நியாயம். ஆனால் பெருமை அதோடு நிற்கவில்லை. "நான் இல்லீனா இந்தக் கம்பெனி ஓடாதுங்க" என்று டீக்கடையில் சொல்வான், விசேஷ வீடுகளில் சொல்வான், முடி வெட்டுகிற இடத்தில் கழுத்தைக் குனிந்துகொண்டே சொல்வான்.

அதற்கு அத்தாட்சியும் இருந்தது. அவன் கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் பந்தியில் உட்கார்ந்து இலையில் கை வைக்கும்போது, கம்பெனி ஜீப் மண்டப வாசலில் வந்து நின்றது. கிளார்க் ஒருவர் ஓடி வந்து காதோடு காதாக ஏதோ சொன்னார். சுரேந்தர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அப்பவும் சரியாகலீனா நானே வாரேன்" என்றான். பக்கத்தில் இருந்த மணப்பெண் லோகப்பிரியா, யாரோ ஒருவர் உயிருக்குப் போராடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து ஜாங்கிரியைக் கீழே வைத்துவிட்டாள். பிரிண்டர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த அவள், அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பை இன்னும் முழுதாக நிறுத்தவில்லை.

சுரேந்தர் எழுதிய புரோகிராமுக்குள் வேறு யாரும் நுழைய முடியாது. அதை அவன் வேண்டுமென்றே செய்திருந்தான். அடிப்படைச் சம்பளத்துக்கு அப்பாவைப் பெற்ற 'அப்பாரு' பெயர். பஞ்சப்படிக்கு அம்மாவைப் பெற்ற 'அப்புச்சி'. பிடித்தம் எல்லாம் 'அத்தை'. கைக்கு வரும் மொத்தத் தொகை 'பெரியம்மா', ஏனென்றால் அவன் பெரியம்மா எல்லோரையும் சேர்த்துக்கொள்வாள். கேரண்டியில் திரும்பி வருகிற மோட்டார்களின் கோப்புக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தான். எப்போது வந்தாலும் கேட்டதைச் செய்துகொடுத்து மரியாதையாகத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்றே. இப்படி அவன் குடும்பமே அந்தப் பெட்டிக்குள் குடியிருந்தது. இன்னது இன்னார் என்று எங்கேயும் ஒரு வரி விளக்கம் கிடையாது. எல்லாம் சுரேந்தரின் தலைக்குள்.

இந்த நிலையில்தான் கிருபா வந்து சேர்ந்தாள். அன்னூர்ப் பக்கத்துப் பெண். அப்பா தோட்டங்காட்டில் கூலிக்குப் போய் அப்புறம் மில்லில் சேர்ந்தவர். அந்த வீட்டிலிருந்து முதல்முதலாக எம்.சி.ஏ. முடித்தவள். கொள்முதல் பிரிவுக்கும் தரச்சோதனைப் பிரிவுக்கும் புரோகிராம் எழுத அவளை எடுத்தார்கள். அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதை எழுதி முடித்தாலும் அதைப் பயன்படுத்தப் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எது எங்கே இருக்கிறது, நின்றால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடுவாள்.

சுரேந்தருக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது.

"ஏங்க கிருபா, இப்புடி எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துட்டா அப்புறம் நம்மள யாருங்க மதிப்பாங்க?"

"மதிக்கலீன்னா போச்சாதுங் சார், போகட்டும். அவங்களே பாத்துக்கிட்டாங்கன்னா நான் அடுத்ததப் பாப்பேன்" என்றாள் அவள்.

சின்னப்புள்ள, பட்டால் தெரியும் என்று சுரேந்தர் நினைத்துக்கொண்டான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி முடிந்ததும் ஒரு சேதி பரவியது. முதலாளி சாயிபாபா காலனியில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்திருக்கிறார், வெளியாட்களுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தர தனி யூனிட் ஆரம்பிக்கப்போகிறார், அதற்கு ஒரு மேனேஜர் வேண்டும். கம்பெனியில் எல்லோரும் சுரேந்தரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் ஒப்பணக்காரத் தெருவுக்குப் போய் ஒரு டை வாங்கிவந்தான். அதைக் கட்டத் தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்று படாதபாடு பட்டான்.

"மாட்டுக்குக் கவுறு போடற மாதிரி இருக்குதுங்க. குடுங்க இங்க" என்று லோகப்பிரியாதான் கட்டிவிட்டாள்.

இரண்டு நாளில் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"வாங் தம்பி, உக்காருங்க. காப்பி குடிக்கறீங்களா? டையெல்லாம் பலமா இருக்குதே, எங்கயாச்சும் விசேசமுங்களா?"

"இல்லீங்கய்யா. சும்மாதானுங்க."

"புது யூனிட்டுக்கு மேனேஜர் போடோணும். நாலஞ்சு நாளா அதே ரோசனைதான்."

சுரேந்தர் அடக்கமாகத் தரையைப் பார்த்தான்.

"கிருபாவப் போட்டுட்டேனுங்க."

தரை கொஞ்சம் ஆடியது போலிருந்தது. "நம்ம கிருபாங்களா?"

"ஆமாங். உங்களத்தான் மொதல்ல நெனச்சேன். அப்புறம் பாத்தா, உங்கள எடுத்துட்டா சம்பளம் யாரு போடறது? ஸ்டோர்ஸ யாரு பாக்கறது? அந்தப் புள்ளய எடுத்தா இங்க ஒண்ணும் நிக்கறதில்ல. அது எழுதுனத அந்தந்த டிப்பார்ட்மெண்டுக்காரங்களே பாத்துக்கறாங்க. நீங்க அப்படியில்லீங் தம்பி. நீங்க அஸ்திவாரம். அஸ்திவாரத்தத் தூக்கி மாடில வெக்க முடியுங்களா?"

அவர் அதை மனதாரப் பாராட்டாகத்தான் சொன்னார். அதனால் அதற்குக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. சுரேந்தர் எழுந்தபோது அவர் இன்னும் ஒன்று சேர்த்தார்: "உங்க ரூமுக்குப் புது ஏசி சொல்லியிருக்கறேன். ரண்டு டன்னு."

வீட்டுக்கு வந்ததும் டையைக் கழற்றி எறிந்தான். நடந்ததைச் சொன்னான். லோகப்பிரியா சிரிக்காமல் கேட்க முயன்றாள். அஸ்திவாரம் வரைக்கும் தாக்குப்பிடித்தாள். இரண்டு டன் வந்தபோது முடியவில்லை.

"சிரிக்காதீங்க அம்மணி. என்னைய விட்டுப்போட்டு நேத்து வந்த புள்ளய மேனேஜர் ஆக்கிட்டாரு. இது எந்த ஊரு நியாயம்?"

"நீங்கதான ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க, நான் இல்லீனா ஓடாதுன்னு. பாவம், அவரு நம்பிப்போட்டாரு!"

சுரேந்தர் எழுந்து கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அன்று சோற்றில் குழம்பு ஊற்றாமலேயே பாதி சாப்பிட்டுவிட்டான்.

அடுத்த சில நாட்கள் கிருபாவைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் வந்து "வாரேங் சார்" என்று சொல்லிவிட்டுப் போனபோதுகூட ஏதோ அவசர வேலை இருப்பது போல விசைப்பலகையைத் தட்டினான். திரையில் ஒன்றும் இல்லை. அப்புறம் புது ஏசி வந்தது. அந்தச் சிறிய அறையில் இரண்டு டன் ஏசி ஓடினால் என்ன ஆகும்? கோயமுத்தூரில் ஊட்டி வந்து இறங்கியது. சுரேந்தர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தும்மிக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலை பார்த்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர்கள் "சாருக்கு ஒடம்பு சொகமில்லீங்களா?" என்று கேட்டார்கள். முன்பு பிடித்த அந்தச் சற்று நேரம் இப்போது பிடிக்கவில்லை. யாராவது சீக்கிரம் உள்ளே வந்து கதவைத் திறந்துவைத்தால் தேவலை என்றிருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தும்மலோடு சாயிபாபா காலனிக்குப் போனான். மாடியில் ஏசி இல்லை. சீலிங் ஃபேன் கிரீச்சிட்டுச் சுற்றியது. கிருபாவும் புதிதாகச் சேர்ந்த நாலைந்து பேரும் தரையில் வயர்களைப் பரப்பி வைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் வியர்த்திருந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

"வாங் சார்! இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?"

"வாழ்த்துச் சொல்லலாம்னு வந்தேனுங்க. அன்னைக்கே சொல்லீருக்கோணும்" என்றவன், கொஞ்சம் தயங்கி, "எனக்கும் இங்க வரோணும்னு ஆசைதானுங்க" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நாளாகத் தொண்டையில் இருந்தது என்று தெரிந்தது.

கிருபா வயரைக் கீழே வைத்தாள். "ஐயா என்கிட்டச் சொன்ன அன்னைக்கே நான் உங்களையும் கேட்டேனுங் சார். 'அவரு வந்துட்டா அங்க யாரு?'ன்னாரு. எனக்குப் பதில் தெரியல. நீங்க ஒரு பதில் வெச்சிருந்தா நல்லாயிருக்கும்."

பதில் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தது. முத்தாத்தாள் என்று ஒரு பெண். பகலில் லாரி ரசீது போடுவாள், சாயங்காலம் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்து முடித்திருந்தாள். சுரேந்தர் முதலாளியிடம் ஒருவர் கூடுதலாக இருந்தால் நல்லது என்று மட்டும் சொல்லி அவளைத் தன் அறைக்கு வாங்கிக்கொண்டான். அவள் முதல் நாளே ஸ்வெட்டரோடு வந்தாள்.

சொல்லிக்கொடுப்பது என்பது தெரிந்ததைச் சொல்வதுதானே என்று சுரேந்தர் நினைத்திருந்தான். அது அப்படி இல்லை என்று முதல் அரை மணியிலேயே தெரிந்துபோயிற்று.

"சார், ஒரு சந்தேகமுங்க. அப்பாருவையும் அப்புச்சியையும் கூட்டி அதுல அத்தையக் கழிச்சா பெரியம்மா வாராங்க. அப்படிங்களா?"

"ஆமா."

"உங்க ஊட்ல அப்படிங்களா, இல்ல இங்க மட்டுமுங்களா?"

சுரேந்தருக்குக் காது சிவந்தது. அவள் குறும்புக்குக் கேட்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கோயமுத்தூர்க் குசும்பு.

அதைவிட மோசம், அவள் ஏதாவது அடிக்க ஆரம்பித்ததும் அவன் கை தானாகப் போய் விசைப்பலகையைப் பிடுங்கிக்கொண்டது. "இங்க குடுங்க, இப்படி" என்று மின்னல் வேகத்தில் தானே செய்து முடித்துவிட்டு, "புரிஞ்சுதுங்களா?" என்பான். அவளும் பெருமூச்சு விட்டு, "நீங்க பண்ணுனது நல்லாப் புரிஞ்சுதுங்க" என்பாள்.

வீட்டில் இதைச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு வேகம் போதாது என்று குறைப்பட்டான். லோகப்பிரியா பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். "போர்டு முன்னால நீங்களே நின்னுக்கிட்டா புள்ள எங்க நின்னு கணக்குப் போடுமுங்க? சாக்பீஸக் குடுத்துட்டு பொட்டாட்ட உக்காருங்க. தப்பாப் போட்டாலும் வாயத் தொறக்காதீங்க. அதுதான் கஷ்டம். எனக்கே அஞ்சு வருசம் ஆச்சு."

மறுநாள் முதல் சுரேந்தர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஏசிக்கு அது கதகதப்பாகவும் இருந்தது. முத்தாத்தாள் தடவித் தடவி அடித்தாள், தவறு செய்தாள், அவளே கண்டுபிடித்தாள். பெயர்களையெல்லாம் மாற்றுவது என்று முடிவாயிற்று. அப்பாரு அடிப்படைச் சம்பளமானார். அத்தை பிடித்தமானாள். ஒவ்வொருவராகச் சொந்தபந்தம் பெட்டியை விட்டு வெளியேறியபோது சுரேந்தருக்குக் கல்யாண வீடு காலியாவது போல ஒரு வெறுமை இருந்தது. மாப்பிள்ளையை மட்டும் மாற்ற வேண்டாம் என்று முத்தாத்தாளே சொல்லிவிட்டாள். அது பொருத்தமாக இருக்கிறதாம்.

ஒரு நாள் அவள் ஒரு வரியில் விரலை வைத்தாள். "ஆள் கணக்குல ஒவ்வொரு மாசமும் ஒண்ணக் கழிக்குதுங்களே, அது எதுக்குங்க?"

சுரேந்தர் பார்த்தான். அவனுக்குத் தெரியவில்லை. "அது அப்படித்தானுங்க" என்று கனமாகச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டான். ஆனால் சாப்பாட்டு நேரம் முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து, "காத்தால சும்மா சொல்லிப்போட்டேனுங்க. எனக்குத் தெரியல" என்றான். இருவரும் சேர்ந்து தேடினார்கள். கடைசியில் விஷயம் வெளிப்பட்டது. ஆரம்ப காலத்தில் சோதித்துப் பார்ப்பதற்காக, தன் பேரிலேயே ஒரு போலி ஊழியனைச் சேர்த்திருக்கிறான். அவனை நீக்காமல், மாதாமாதம் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து மட்டும் விட்டு, பிறகு அதையே மறந்துபோயிருக்கிறான். அத்தனை வருஷமும் பட்டியலில் இரண்டு சுரேந்தர்கள். முத்தாத்தாள் சிரித்த சிரிப்பில் ஸ்டோர்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் பொறுத்து சுரேந்தரும் சிரித்தான். தெரியாது என்று சொன்னதால் வானம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

தை மாசம் சம்பள வாரத்திலேயே லீவு போட்டான். அவன் இல்லாமல் ஓடுகிறதா என்று பார்க்கலாம் என்பது லோகப்பிரியாவின் யோசனை. சென்னிமலையில் அவள் அம்மா வீட்டுக்குப் போனார்கள். முதல் நாள் நிம்மதியாக இருந்தான். இரண்டாம் நாள் வீதியில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு வந்தான். மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் காற்று வாங்கிக்கொண்டிருக்க, இவன் மட்டும் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னுங்க பாக்கறீங்க?"

"ஜீப்பு ஏதாச்சும் வருதான்னு."

"வந்தாப் பாக்கலாம். பொரி சாப்புடுங்க."

சம்பளத்தன்று தாங்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கம்பெனிக்குப் போன் போட்டான்.

"முத்தாத்தா, நான் சுரேந்தருங்க. எல்லாம் சரியா இருக்குதுங்களா?"

"இருக்குதுங் சார்."

"சம்பளம்?"

"போட்டாச்சுங்க. காத்தால மொத்தத்துல ஒரு ஒதப்பு வந்துது. புதுசாச் சேந்தவங்களுக்குத் தேதி தப்பாப் போட்டிருந்தாங்க. சரிபண்ணிப்போட்டேன். இப்ப சீட்டு அடிச்சிட்டிருக்குதுங்க, சத்தம் கேக்குதுங்களா?"

கரகரவென்று கேட்டது.

"அப்ப நான் வரோணுமுன்னு இல்லீங்களா?"

"எதுக்குங் சார்? நீங்க பொறுமையா வாங்க. போன வெச்சிருங்க, உங்களுக்குப் பில்லு ஏறுமுல்லீங்க."

பூத்திலிருந்து வெளியே வந்தவன் முகத்தைப் பார்த்துவிட்டு, லோகப்பிரியா இந்த ஒருமுறை கேலி செய்யவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள். "நாமதான இதுக்கு இத்தன நாளாப் பாடுபட்டோம்?" என்றாள்.

"ஆமாங். இருந்தாலும் ஒரு சின்னப் பிரச்சனையாச்சும் மிச்சம் வெச்சிருக்கலாம்" என்றான் சுரேந்தர். அன்றைக்கு மாமியார் வீட்டில் மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டான்.

ஊர் திரும்பி முதலாளியைப் பார்க்கப் போன அன்று டை கட்டிக்கொள்ளவில்லை. அஸ்திவாரம் இல்லாமலேயே கட்டடம் நிற்கும் என்று தானே போய்ச் சொல்லப்போகிறான். லட்சுமணசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். காப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அப்ப நீங்க இல்லாமயே ஓடுதுங்களா?"

"ஓடுதுங்கய்யா."

"அப்பறம் உங்களுக்கு எதுக்குங் தம்பி நான் சம்பளம் தரோணும்?"

முதலாளி அவன் முகத்தை ரசித்துப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார். "சும்மா கேட்டேனுங்க. போங்க, கிருபாகிட்ட ஆள் பத்தல. ஆனா ஒண்ணு. மேனேஜர் நாற்காலி அங்க காலியில்ல. அந்தப் புள்ளைக்குக் கீழதான் வேல. ஒத்துக்குவீங்களா?"

ஒரு வருஷத்துக்கு முந்தைய சுரேந்தராக இருந்தால் இதற்கு வீட்டில் போய்ப் படுத்திருப்பான். இப்போது, "சரிங்கய்யா" என்றான். அந்த அறையைவிட்டு வெளியே வந்த பிறகும் அந்தச் சரிங்கய்யாவை யார் சொன்னது என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

மாடியில் முதல் மாதம் லேசாக இல்லை. அங்கே எழுதுகிற விஷுவல் பேசிக் என்ற மொழி அவனுக்குப் புதுசு. காலேஜ் முடித்த கையோடு வந்திருந்த தமிழ்வேந்தன் அதைத் தாய்ப்பாலோடு குடித்தவன் போல அடித்தான். "அண்ணா, அப்புடி இல்லீங்ண்ணா" என்று அவன் ஆரம்பிக்கும்போதெல்லாம் சுரேந்தருக்கு முதுகு விறைக்கும். அப்புறம் தளரும். கிருபா வேலையைக் கறாராக வாங்கினாள். தப்பு இருந்தால் தப்பு என்றாள், நன்றாக இருந்தால் அதையும் எல்லோர் முன்னாலும் சொன்னாள். சித்திரைக்குள் சுரேந்தரின் கையில் தனியாக ஒரு வேலை வந்தது. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த அக்பர் அலி என்பவருக்குச் சரக்குக் கணக்கு.

அவர் நேரில் வந்து எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தார். பிடித்திருந்தது. கடைசியாக ஒன்று கேட்டார்: "சீட்டு தமிழ்ல வருமுங்களா? எங்க ஆளுக இங்கிலீஷ்ல போட்டா மூட்டைய மாத்தி ஏத்திப்போடுவாங்க."

கிருபா சுரேந்தரைப் பார்த்தாள்.

"தெரியலீங்க பாய்" என்றான் சுரேந்தர். "வருமுன்னுதான் நெனக்கறேன். பண்ணிப் பாத்துட்டு வெள்ளிக்கெழம சொல்றேனுங்க."

அக்பர் அலி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "இதுக்கு முன்னால ஒருத்தர் வந்தாருங்க. எதக் கேட்டாலும் முடியும் முடியும்னே ஒரு வருசம் ஓட்டிப்போட்டாரு. நீங்க வெள்ளிக்கெழம சொல்லுங்க. நான் உங்ககிட்டயே குடுக்கறேன்."

அவர் படியிறங்கியதும் சுரேந்தர் தன் நாற்காலியைத் தமிழ்வேந்தன் பக்கம் இழுத்துப்போட்டான். "கண்ணு, இந்தத் தமிழ் எழுத்து சமாச்சாரம் எனக்குச் சுத்தமாத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாதுங்ண்ணா."

"அப்ப வா, பாக்கலாம்."

சாயங்காலத்துக்குள் டீ இரண்டு தடவை ஆறிப்போனது. ஒரு வழியாகப் பிரிண்டர் முதல் தமிழ்ச் சீட்டைக் கக்கியது. இருவரும் தலையோடு தலை முட்ட அதைப் பார்த்தார்கள். 'மஞசள' என்று இருந்தது. புள்ளி புள்ளியாகவே அச்சடிக்கிற அந்தப் பிரிண்டர், வேண்டிய இரண்டு புள்ளிகளை மட்டும் வைக்க மாட்டேன் என்றுவிட்டது. தமிழ்வேந்தன் வாயைப் பொத்திக்கொண்டான். சுரேந்தர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கேயாவது தள்ளி விழுந்திருக்கிறதா என்று புள்ளிகளைத் தேட ஆரம்பித்தான்.